வீடு பிந்தினால் யாருக்கு அரைப்பேர்?

கொழுந்து நிறுக்கும்போது சொன்ன கிலோவுக்கு ஒன்றிரண்டு குறைந்தால் என்ன நடக்கும் என்று எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அரைப்பேர்தான். மழை பெய்தது, மலை காடாகிக் கிடக்கிறது, கொழுந்தே இல்லை என்று எந்தக் காரணம் சொன்னாலும் எடுபடாது. காலையில் பிரட்டுக்குப் பிந்திப் போனால் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தாமதத்துக்கு விலை உண்டு என்பதைத் தோட்டத் தொழிலாளியைப்போல் அறிந்தவர் இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை.

அந்த அனுபவத்தோடுதான் கேட்கிறோம். எமக்குக் கட்டித் தருவதாகச் சொன்ன வீடு வருடக்கணக்கில் பிந்தினால் யாருக்கு அரைப்பேர்?

அவர்களின் நிலுவை

2025 செப்டெம்பரில் மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் கடவத்தை–மீரிகம பகுதி வேலையை ஜனாதிபதி மீண்டும் தொடக்கி வைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். 37 கிலோமீற்றர் பாதை. சீன எக்சிம் வங்கியின் கடன். வேலை செய்வது சீனாவின் பெரிய கட்டுமானக் கம்பனி. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்த பிறகு பணம் நின்றது, வேலையும் நின்றது. கட்டுநாயக்க விமான நிலையத்தின் இரண்டாவது முனையம் ஜப்பான் கடனில் நடந்த வேலை. அதுவும் அந்த வருடமே நின்றது.

பெரிய கட்டுமானக் கம்பனி எதை எடுத்தாலும் அதன் கையில் இப்படி ஒப்புக்கொண்டு முடிக்காத வேலைகள் நிறைய இருக்கும். பாதை, பாலம், அணைக்கட்டு, சுரங்கம், துறைமுகம் என்று பட்டியல் நீளும். முடிக்காத வேலை என்றால் நாம் வெட்கப்படுவோம். கம்பனிக்காரர் அதை ஆண்டறிக்கையில் பெருமையாக அச்சடிக்கிறார்கள். இத்தனை கோடிக்கு வேலை கைவசம் உண்டு என்கிறார்கள். அந்தக் கணக்கைப் பார்த்து வங்கி கடன் கொடுக்கிறது, பங்கு வாங்குகிறவர் நம்பி வாங்குகிறார். நிலுவை அவர்களுக்குச் சொத்து.

அது எப்படிச் சொத்தாகிறது? அதன் பின்னால் கொந்தராத்துப் பத்திரம் இருக்கிறது.

அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கும் என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை தொடங்க முன்னரே முற்பணம் உண்டு. வேலை முடிய வேண்டிய தேதி உண்டு. சீமெந்து, கம்பி, டீசல் விலை ஏறினால் அதற்கேற்பக் கொடுப்பனவைக் கூட்டும் கணக்குமுறை உண்டு. அரசாங்கம் பில்லைக் காலத்துக்குக் கொடுக்காவிட்டால் அதற்கு வட்டி உண்டு. கம்பனியின் தவறில்லாமல் வேலை தடைப்பட்டால் காலநீடிப்பு உண்டு. இயந்திரமும் ஆட்களும் சும்மா நின்ற நாட்களுக்கு நட்டஈடு கேட்க வழி உண்டு. கம்பனியே காரணமில்லாமல் பிந்தினால் நாளுக்கு இவ்வளவு என்று அதனிடமிருந்து வெட்டவும் விதி உண்டு. தகராறு வந்தால் நடுவரிடம் போகலாம். உள்ளூர் வேலைகளுக்கும் கட்டுமானக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் மாதிரிப் பத்திரங்களில் இப்படியான விதிகள் இருக்கின்றன.

இதில் எமக்குப் பொறாமை இல்லை. கொழும்பில் மேசன் வேலைக்கும் கம்பி கட்டவும் போயிருந்த எங்கள் பிள்ளைகள்தான் 2022இல் வேலை நின்றபோது உடுப்புப் பையோடு தோட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள். அரசாங்கத்திடம் பில் நிலுவையாகி நொடிந்துபோன சிறிய ஒப்பந்தகாரர்களையும் எமக்குத் தெரியும். செய்த வேலைக்குக் காசு கிடைக்க வேண்டும், காசு பிந்தினால் வட்டி கிடைக்க வேண்டும். அந்த நியாயம் ஏன் தோட்டத்து வாசலோடு நின்றுவிடுகிறது என்பதுதான் எமது கேள்வி.

உமா ஓயா சொல்லித் தந்த பாடம்

இதற்கு உதாரணம் தேடித் தூரப் போகத் தேவையில்லை. பதுளை மாவட்டத்தில் உமா ஓயாத் திட்டம் இருக்கிறது. ஈரான் கம்பனி கட்டிய 120 மெகாவாட் நீர்மின் திட்டம். 2015 அளவில் முடிய வேண்டியது. ஈரானுக்கு எதிரான தடைகள் வந்தன, சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது, பிறகு நாட்டின் கடன் நெருக்கடி வந்தது. காலநீடிப்புக்கு மேல் காலநீடிப்பு. கடைசியில் 2024 ஏப்ரல் 24ஆம் தேதி ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி வந்து திறந்து வைத்தார்.

சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தபோது மேலே பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. கம்பனிக்குத் தேதி தள்ளிப்போனது கடிதத்தின் மூலம். கிணறு வற்றிய மக்கள் என்ன செய்தார்கள்? 2017இல் பண்டாரவளையில் வீதிக்கு இறங்கினார்கள். நட்டஈட்டுக்காகக் கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்தார்கள். பத்திரத்தில் பெயர் உள்ளவருக்குக் கடிதம் போதும். பெயர் இல்லாதவர் கொடி பிடித்து வீதியில் நிற்க வேண்டும். உமா ஓயாவில் நாம் கற்ற பாடம் இதுதான்.

எமது நிலுவை

இனி எமது கணக்கைப் பார்ப்போம்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டிய லயம். தோட்ட மக்களுக்கு ஒன்றரை இலட்சம் வரை புதிய வீடுகள் தேவை என்று பல வருடங்களாக அரசாங்கத்தின் திட்டங்களிலேயே பேசப்படுகிறது. ஒரு கட்டுமானக் கம்பனியின் கையில் ஒன்றரை இலட்சம் வீட்டுக்கான வேலை இருந்தால் அது பத்திரிகையின் முதல் பக்கச் செய்தியாகும். எமக்கு அது தேர்தல் மேடையில் மட்டும் ஞாபகம் வரும் தொகை.

இந்திய அரசாங்கத்தின் உதவியில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் வந்தன. அவற்றைக் கட்டவே பல வருடங்கள் போயின. 2017 மே 12ஆம் தேதி நோர்வூட் மைதானத்தில் பிரதமர் மோடி இன்னும் 10,000 வீடுகள் என்று அறிவித்தபோது நாமும் வெயிலில் நின்று கைதட்டினோம். அந்தப் பத்தாயிரத்தில் முதல் 1,300 வீடுகளுக்கான வேலை 45 தோட்டங்களில் தொடக்கி வைக்கப்பட்டது 2024 பெப்ரவரியில். அறிவிப்புக்கும் அடிக்கல்லுக்கும் இடையில் ஆறு வருடமும் ஒன்பது மாதமும். கூட்டத்தன்று தாயின் வயிற்றிலிருந்த பிள்ளை அடிக்கல் நாட்டியபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் 2,000 குடும்பங்களுக்குப் பத்திரம் கொடுத்தார்கள். பத்திரம் வந்தது நல்லது, வரவேற்கிறோம். உதவி செய்த நாட்டுக்கும் நன்றி சொல்வோம். ஆனால் 4,000ஐயும் 10,000ஐயும் கூட்டினாலும் ஒன்றரை இலட்சத்தில் பத்தில் ஒன்று வராது. மிச்சம் ஒன்பது பங்கு யாருடைய கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது?

எவருடைய புத்தகத்திலும் இல்லை. கேட்டுப் பாருங்கள். அமைச்சு பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தைக் காட்டும். நிதியம் தோட்டக் கம்பனி காணியை விடவில்லை என்று சொல்லும். கம்பனி, காணி அரசாங்கத்துடையது, நாங்கள் குத்தகைக்காரர்தான் என்று சொல்லும். 1992இல் தொடங்கிய 53 வருடக் குத்தகை 2045 வரை போகும். 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்குப் புதிய கிராமங்கள் அதிகார சபை என்று சட்டமும் போட்டார்கள். இத்தனை கதவுகள் இருந்தும், இந்த வீடு இந்தத் தேதிக்கு முடியும், முடியாவிட்டால் நான் பொறுப்பு என்று கையெழுத்து வைத்தவர் எவரும் இல்லை.

வீடு கட்டக் கொந்தராத்து எழுதப்படுவதில்லை என்று நாம் சொல்லவில்லை. எழுதுகிறார்கள். அது கட்டுகிறவருக்கும் கட்டச் சொல்பவருக்கும் இடையில் முடிந்துவிடுகிறது. அதில் குடியிருக்கப் போகிறவருக்கு இடமில்லை.

எங்கள் சங்கத்தின் அங்கத்தவர்கள் உள்ள ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். தோட்டத்தின் பெயரைப் போட்டால் நாளைக்கு அவர்களைத்தான் ஒபீசுக்குக் கூப்பிடுவார்கள், அதனால் போடவில்லை. இருபது வீட்டுக்கு அத்திவாரம் போட்டார்கள். சில வீடுகளுக்குச் சுவர் இடுப்பளவுக்கு வந்தது. 2022இல் சீமெந்து மூட்டை ஆயிரம் ரூபா அளவிலிருந்து மூவாயிரத்துக்கு ஏறியபோது கட்டியவர் கலவை இயந்திரத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. பழைய விலைக்குக் கட்டினால் அவர் கடனாளி. அத்திவாரத்துக்குள் மானாப்புல் வளர்ந்தது.

கொடுமை அதற்குப் பிறகுதான். லயத்துக் கூரையில் தகரம் உக்கி மழைக்கு ஒழுகியது. மாற்றித் தரச்சொல்லி ஒபீசுக்குப் போனால் "உங்களுக்குத்தான் புது வீடு வருகிறதே, பழைய லயத்துக்கு ஏன் செலவு?" என்றார்கள். அங்குள்ள ஒரு அக்கா எங்களிடம் சொன்னார்: "வீடும் வரல, தகரமும் மாத்தல. லிஸ்டுல பேரு இருக்குறதுதான் எங்களுக்குப் புடிச்ச சனியன்."

கம்பனியின் இயந்திரம் சும்மா நின்றால் நாளுக்கு இவ்வளவு என்று கேட்க விதி இருக்கிறது. அந்த அக்கா நாலு வருட மழைக்குக் கூரையின் கீழ் வைத்த சட்டிக்கும் வாளிக்கும் எந்த விதியும் இல்லை. தாமதத்தின் செலவு காற்றில் கரைந்து போவதில்லை. யாரோ ஒருவர் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். பத்திரம் உள்ள இடத்தில் அரசாங்கமோ கம்பனியோ கொடுக்கிறது. பத்திரம் இல்லாத இடத்தில் லயத்துக் குடும்பம் கொடுக்கிறது.

சில வேளை உயிராகவும் கொடுக்கிறது

2014 ஒக்டோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறக்க முடியுமா? முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மாற்று வீடு இருக்கவில்லை. உயிர் தப்பியவர்கள் ஏறத்தாழ இரண்டு வருடம் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் கிடந்த பிறகுதான் 75 வீடுகள் கிடைத்தன. அந்த வீடுகளை ஏன் 2011இல் கட்ட முடியவில்லை?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளைப் பக்கங்களில் மலை எங்கெங்கே சரிந்தது என்று உங்களுக்கே தெரியும். இப்போது எங்கும் மீள்கட்டுமானம் என்ற பேச்சு. உடைந்த பாலம், அடைபட்ட வீதி, தொங்கிக்கொண்டிருக்கும் ரயில் பாதை எல்லாம் கட்டத்தான் வேண்டும். ரயில் ஓடாவிட்டால் எமக்கும் கஷ்டம். இந்த வேலைகள் ஒவ்வொன்றாகப் பெரிய கம்பனிகளின் புத்தகத்தில் ஏறப்போகின்றன. பத்திரத்தோடு, தேதியோடு, வட்டியோடு ஏறும். அந்த வரிசையில் எமது வீடு எத்தனையாவது? இப்போது கேட்காவிட்டால் எல்லாம் எழுதி முடித்த பிறகு, மிஞ்சினால் பார்ப்போம் என்பார்கள்.

முடியாது என்பவர்களுக்கு

காசில்லை என்பார்கள். அதிவேகப் பாதைக்குக் காசு எப்படி வந்தது? காசு நின்றபோதும் அந்த வேலை அழிந்துவிடவில்லை, பத்திரத்தில் உயிரோடு இருந்தது. அரசாங்கம் மாறியது, ஜனாதிபதி மாறினார். ஆனாலும் கடன்காரருடன் பேசி முடித்ததும் அந்த வேலை எழுந்து நின்றது. எமது வீடு ஒவ்வொரு அமைச்சர் மாறும்போதும் புதிதாகப் பிறக்க வேண்டியிருக்கிறது. காசு இல்லாத நாளிலும் அழியாமல் நிற்கும் ஒரு கடனாக எமது வீட்டையும் எழுதுங்கள் என்கிறோம்.

தேயிலைக் காணி குறைந்துவிடும் என்று தோட்டக் கம்பனிகள் சொல்லும். அந்தத் தோட்டங்களில் காடாகிக் கிடக்கும் நிலம் எவ்வளவு என்று கவ்வாத்து வெட்டும் எமக்குத் தெரியாதா? ஏழு பேர்ச்சோ பத்து பேர்ச்சோ கொடுப்பதால் தேயிலை அழியாது. ஆள் இல்லாமல்தான் அழியும். வீடில்லாத இளைஞன் தோட்டத்தில் நிற்கமாட்டான்.

தோட்டத்தில் வீடு கட்டுவது சிக்கலான வேலை என்றும் சொல்வார்கள். தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தபோது, நீர்த்தேக்கத்துக்காக ஏறத்தாழ ஐந்நூறு குடும்பங்களை எழுப்பிப் புது வீடுகளில் குடியேற்றினார்கள். அங்கு எல்லாக் குறையும் தீர்ந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் 150 மெகாவாட் மின்சாரம் எடுக்க அந்த மக்கள் எழும்ப வேண்டியிருந்தது. அதனால் அவர்களுடைய வீடு திட்டத்தின் அட்டவணைக்குள் வந்தது, கட்டியும் முடிந்தது. காணியும் கிடைத்தது, பாதையும் கிடைத்தது, தண்ணீரும் கிடைத்தது. தேவை அவர்களுடையது என்றால் சிக்கல் அவிழ்கிறது.

எம்மையும் கேட்டுக்கொள்வோம்

தோழர்களே, விரலை வெளியே மட்டும் நீட்டினால் போதாது. அடிக்கல் விழாவில் மாலை போட்டதும், எங்கள் ஆளுக்கு முதலில் என்று லிஸ்டைத் திருத்தியதும், வீட்டுக்கு எந்தக் கட்சியின் நிறம் பூசுவது என்று சண்டை போட்டதும் மலையகத் தொழிற்சங்கங்கள்தான். அந்தப் பழியில் எமக்கும் பங்கு உண்டு. கல் நாட்டிய அன்று, எப்போது முடியும், எழுதித் தா என்று எந்தச் சங்கமாவது கேட்டதா? சம்பளத்துக்குக் கூட்டு ஒப்பந்தம் கேட்கத் தெரிந்த நாம் வீட்டுக்கு வெறும் வாக்குறுதியோடு திருப்திப்பட்டோம். இனி அப்படி இருக்க முடியாது.

எமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு தோட்டத்திலும் அறிவிக்கப்பட்ட வீடு எத்தனை, தொடங்கியது எத்தனை, முடிந்தது எத்தனை, நின்றது எத்தனை என்ற கணக்கைத் தமிழில் எழுதிப் பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும்.

2. வீட்டுக் கொந்தராத்தின் முடிவுத் தேதியும் காலநீடிப்பும் தோட்ட மக்களுக்கு எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். விலை ஏறினால் கட்டுகிறவர் ஓடிப்போகாதபடி விலைத் திருத்தம் அதிலேயே இருக்க வேண்டும்.

3. தேதி தாண்டினால் பயனாளிக் குடும்பத்துக்கு மாதாமாதம் நட்டஈடு வேண்டும். புது வீட்டின் சாவி கைக்கு வரும்வரை பழைய லயத்தைத் திருத்துவது நிர்வாகத்தின் கடமை என்று எழுத வேண்டும்.

4. கட்டுகிறவரின் கடைசி பில்லுக்கு முன்னர் குடியிருக்கப் போகும் குடும்பமும் தோட்டக் கமிட்டியும் கையெழுத்து வைக்க வேண்டும். கதவு பூட்டுகிறதா, கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பது நாமாக இருக்க வேண்டும்.

5. சாவியோடு காணி உறுதியும் வேண்டும். கணவன் பெயரில் மட்டும் இல்லாமல் மனைவி பெயரும் அதில் சேர வேண்டும்.

6. மண்சரிவு ஆபத்துள்ள லயங்கள் முதலில். இதில் கட்சிச் சிபாரிசுக்கு இடமில்லை.

இன்றே செய்யக்கூடியது

இதெல்லாம் நடக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எமக்கும் சேர்த்துத்தான் போடப்பட்டது. ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிப் பிரதேச செயலகத்திலோ வீடமைப்புக்குப் பொறுப்பான அரச அலுவலகத்திலோ தகவல் அலுவலரிடம் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும்.

நான்கு கேள்வி போதும். எமது தோட்டத்து வீடுகளுக்குக் கொந்தராத்து எப்போது கொடுக்கப்பட்டது? எந்தத் தேதிக்கு முடிய வேண்டும்? எத்தனை தடவை காலநீடிப்பு கொடுக்கப்பட்டது, என்ன காரணத்துக்கு? இதுவரை எவ்வளவு பணம் செலுத்தப்பட்டது? கடிதத்தின் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் மாவட்டக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். எழுதிக் கொடுக்க ஆள் இல்லாத தோட்டக் கமிட்டிக்கு நாம் எழுதித் தருவோம். இவற்றைச் சேர்த்தால் மலையகத்தின் வீட்டு நிலுவை முதல் தடவையாக ஒரு புத்தகத்தில் ஏறும். அந்தப் புத்தகத்தை நாமே வைத்திருப்போம்.

அந்தப் புத்தகத்தோடு அமைச்சின் மேசைக்குப் போவோம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் நேரே ஒரு தேதி எழுதச் சொல்லுவோம், அதன் கீழே ஒரு கையெழுத்தும் கேட்போம். தேதி தாண்டினால் கையெழுத்து வைத்தவருக்கு அரைப்பேர். எமக்குப் போட்ட அதே சட்டம்தான்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!